ஐரிஷ் குடியுரிமை: வாங்கலாமா, வேண்டாமா?

கார்க்வாசி: அயர்லாந்தில் ஐந்து வருடக் கணக்கு முடிந்துவிட்டது. விண்ணப்பிக்க 175 யூரோ, கிடைத்தால் இன்னும் 950. பணம்கூடப் பரவாயில்லை, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டுமே என்பதுதான் உறுத்துகிறது.

ஊர்க்குருவி: வேண்டாம் தம்பி. இரட்டைக் குடியுரிமைக்கு அயர்லாந்து சரி என்றாலும் இந்தியா விடாது. அதற்குப் பதிலாக வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு ஊரில் ஓட்டு இல்லை, வயல் வாங்க முடியாது. ஸ்டாம்ப் 4-ல், அதாவது இங்கே தங்கி வேலை பார்க்கும் அனுமதியில், இருப்பதில் என்ன குறை? இங்கே உள்ளாட்சித் தேர்தலில் நமக்கும் ஓட்டு உண்டே!

லிஃபிக்கரை: அண்ணே, கடைசியாக எப்போது ஊருக்குப் போய் ஓட்டுப் போட்டீர்கள்? என்ன குறை என்று நான் சொல்கிறேன். போன டிசம்பரில் ஆபீஸ் கூட்டம் மொத்தமும் பெல்ஃபாஸ்ட் கிறிஸ்துமஸ் சந்தைக்குக் கிளம்பியது. எல்லையில் கேட் எதுவும் கிடையாது, சாலைப் பலகையில் கிலோமீட்டர் மைலாக மாறும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பக்கம் பிரிட்டன், எனக்கு விசா வேண்டும். அவர்கள் போட்டோ அனுப்ப, நான் வீட்டில் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். ஐரிஷ் பாஸ்போர்ட் இருந்தால் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்கவும் பிரிட்டனிலும் வேலையே பார்க்கலாம்.

ஊர்க்குருவி: சந்தை பார்க்க நாட்டை மாற்றுவார்களா? பாட்டன் விட்டுப்போன நஞ்சை என்னாவது?

நாள்கணக்கு: வயல் புதிதாக வாங்கத்தான் தடை, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். கார்க்வாசி, முதலில் நாட்களை எண்ணுங்கள். படிக்க வந்த ஸ்டாம்ப் 2 அனுமதிக் காலம் ஐந்து வருடக் கணக்கில் சேராது. விண்ணப்பிக்கும் முன் கடைசி ஒரு வருடத்தில் வெளிநாட்டில் 70 நாள்வரை இருக்கலாம். 2019-ல் உயர் நீதிமன்றம் ஒரு நாள்கூட வெளியே போகக்கூடாது என்று சொல்லி எல்லார் வயிற்றிலும் புளியைக் கரைத்தது. அதே வருடம் மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 70 நாள் சட்டத்தில் ஏறியது 2023-ல்.

கார்க்வாசி: அப்பா தவறியபோது ஊரில் 92 நாள் இருந்துவிட்டேன். அப்போ அவ்வளவுதானா?

நாள்கணக்கு: வருந்துகிறேன். இந்த மாதிரிக் காரணத்துக்கு 70-க்கு மேலே இன்னும் 30 நாள்வரை அனுமதிக்க இடம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழையும் டிக்கெட்டையும் சேர்த்து அனுப்புங்கள்.

லிஃபிக்கரை: ஊர்க்குருவி அண்ணே, உங்கள் மகளிடம் எந்தப் பாஸ்போர்ட்?

ஊர்க்குருவி: ஐரிஷ்தான். அவள் பிறக்குமுன்பே நாங்கள் இங்கே மூன்று வருடம் தாண்டிவிட்டோம், அதனால் பிறப்பிலேயே கிடைத்தது. டப்ளினில் இறங்கினால் அவளுக்கு ஒரு வரிசை, எனக்கு வேறு வரிசை. ஆறு வயது, கையை விடமாட்டாள். என் வரிசையில்தான் நிற்கிறாள்.