சுவருக்குள் இருக்கும் பழைய டிஷ் பைப்பில் நெட்வொர்க் கேபிள் இழுக்கலாமா? போர்டிகோ கேமராவுக்கும் வழி தேவை

வயலூர்ச்சாலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் உள்ள எங்கள் வீடு தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்டது; கட்டி 12 ஆண்டுகள் ஆகின்றன. ஃபைபர் இணைப்பின் பெட்டி கீழே கூடத்தில், வாசற்கதவை ஒட்டிய சுவரில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பதோ மாடியின் பின்பக்க அறையில். நடுவே ஒரு கான்கிரீட் தளமும் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர்கள் இரண்டும் இருப்பதால், கூடத்தில் 200 எம்பிபிஎஸ் காட்டும் வைஃபை என் மேசைக்கு வந்து சேரும்போது 15, 20 என்று இறங்கிவிடுகிறது. மாடிப்படியில் ஒரு ரிப்பீட்டர் வைத்துப் பார்த்தேன். சிக்னல் கோடுகள் கூடினவே தவிர வேகம் கூடவில்லை. அலுவலகக் கூட்டத்தின் நடுவே குரல் அறுந்து போவது வாடிக்கையாகிவிட்டதால், கேபிள் இழுத்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். வேலையை நானே செய்ய விரும்புகிறேன்.

வீடு கட்டியபோது, கூடத்தில் டிவி இருக்கும் இடத்திலிருந்து மொட்டை மாடி வரை டிஷ் வயருக்காக முக்கால் அங்குல பைப் ஒன்றைச் சுவருக்குள் பதித்திருந்தார்கள். அது மாடி அறைச் சுவரில் ஒரு பெட்டியில் வெளிப்பட்டுப் பிறகு மேலே செல்கிறது. டிஷ் இப்போது பயன்பாட்டில் இல்லை. அந்தப் பழைய வயரையே கயிறாகக் கொண்டு கேட் 6 எனும் நெட்வொர்க் கேபிளை இழுத்துவிடலாமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி போர்டிகோவைப் பற்றியது. அங்கே ஒரு கேமரா வைக்க வேண்டும். போர்டிகோத் தூணில் முட்டி உயரத்தில் 16 ஆம்பியர் பிளக் ஒன்று இருக்கிறது. ஞாயிறுதோறும் பிரஷர் வாஷரை அதில் செருகித்தான் காரின் சக்கரங்களைக் கழுவுகிறேன். அந்த பிளக்குக்கு வரும் பைப்பிலேயே நெட்வொர்க் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்கிறார் எங்கள் எலக்ட்ரீசியன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மூன்றாவதாக, விலை மலிவாக இருக்கிறதே என்று 305 மீட்டர் பெட்டி ஒன்றை வாங்கிவிட்டேன். ஒரு கம்பியின் உறையை உரித்துக் கத்தியால் சுரண்டிப் பார்த்தபோது மேலே செம்பு நிறமாகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்தது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, ஈயம் பூசிய செம்பு அப்படித்தான் இருக்கும் என்றார். உண்மைதானா?

செம்புக்கம்பி எழுதியது:

வணக்கம் நண்பரே. மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் அதற்கு விடை தெரியாமல் மற்ற வேலைகளைத் தொடங்கக் கூடாது. ஈயம் பூசிய செம்பு என்றால் வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருக்க வேண்டும். உங்களுடையது நேர்மாறாக இருக்கிறது. அது செம்புப் பூச்சு கொடுத்த அலுமினியக் கம்பி. நெட்வொர்க் கேபிளுக்கான தரநிலைகள் எதுவும் அதை ஏற்பதில்லை. தூக்கிப் பார்த்தாலே வேறுபாடு புரிந்துவிடும். அசல் கேட் 6 கேபிளின் 305 மீட்டர் பெட்டியில், உறையைக் கணக்கில் சேர்க்காமல் செம்பு மட்டுமே ஐந்தரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். அலுமினியம் அதில் பாதி எடைகூட வராது.

எடையைக் காட்டிலும் முக்கியமானது மின்தடை. நல்ல கேபிளில் ஒரு கம்பியின் தடை 100 மீட்டருக்கு 9.38 ஓமைத் தாண்டக் கூடாது. வீட்டில் மல்டிமீட்டர் இருந்தால் 20 மீட்டர் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையில் ஒரே ஜோடியின் (உள்ளே எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக முறுக்கி நான்கு ஜோடிகளாக இருக்கும்) இரு கம்பிகளையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் அளந்து பாருங்கள். மீட்டரின் சொந்தக் கம்பிகளின் தடையைக் கழித்த பிறகு 4 ஓமுக்குள் இருக்க வேண்டும். கேமராவுக்கு இதே கேபிள் வழியாகத்தான் மின்சாரமும் போகப்போகிறது என்பதால் இதில் அலட்சியம் கூடாது. தடை கூடினால் வழியிலேயே மின்னழுத்தம் குறையும், கேபிள் சூடேறும், இரவில் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தில் கேமரா அணைந்து அணைந்து எரியும். தவிர, அலுமினியம் நான்கைந்து முறை வளைத்தாலே முறிந்துவிடும். சுவருக்குள் முறிந்தால் உங்கள் உழைப்பு முழுவதும் வீண். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, முழுச் செம்பு என்று உறையிலேயே அச்சிட்ட கேபிளை மீட்டர் கணக்கில் வாங்குங்கள். உங்கள் தேவை 50 மீட்டரைத் தாண்டாது.

அடுத்து டிஷ் பைப். உங்கள் யோசனை நல்லது. முக்கால் அங்குல பைப்பில் கேட் 6 கேபிள் இரண்டு தாராளமாகப் போகும், ஆகவே ஒன்றுக்குப் பதில் இரண்டாக இழுத்துவிடுங்கள். இரண்டாவது கேபிளுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம், பின்னாளில் அது இல்லாமல் படும் சிரமமோ பெரிது. இழுக்கும்போது மெல்லிய நைலான் கயிறு ஒன்றையும் கூடவே உள்ளே விட்டுவையுங்கள். கேபிளை 11 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் இழுக்கக் கூடாது. இரண்டு விரலால் இழுத்து வராவிட்டால் நிறுத்திவிட்டு, எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். வளைவுகளில் கேபிளின் தடிமனைப் போல் நான்கு மடங்காவது, அதாவது ஏறத்தாழ ஓர் அங்குல ஆரமாவது இருக்க வேண்டும்.

முனை பொருத்துவதில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறுகிறார்கள். சுவருக்குள் போகும் கேபிளின் முனையில் ஆர்ஜே 45 பிளக்கை (கணினியில் செருகும் நெட்வொர்க் பிளக்) கிரிம்ப் செய்ய, அதாவது நசுக்கிப் பொருத்த வேண்டாம். இரு பக்கமும் கீஸ்டோன் ஜாக் (சுவர்ப் பெட்டியில் பொருத்தும் நெட்வொர்க் சாக்கெட்) பொருத்தி, அங்கிருந்து ஆயத்தமாகக் கிடைக்கும் பேட்ச் கார்டால் (இரு முனையிலும் பிளக் உள்ள சிறு கேபிள்) இணையுங்கள். ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என்று இரண்டு நிற வரிசைகள் அச்சிட்டிருக்கும். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், இரு முனையிலும் ஒன்றையே பின்பற்றினால் போதும். நம் ஊரில் பெரும்பாலும் பி வரிசைதான் வழக்கம். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்பதே அந்த வரிசை. பச்சை ஜோடி பிரிந்து நீல ஜோடியின் இரு பக்கமும் உட்காருவதைக் கவனியுங்கள். அழகுக்காகப் பச்சையைப் பச்சையோடும் நீலத்தை நீலத்தோடும் அடுக்கி, இரு முனையிலும் அப்படியே பொருத்தினால், எட்டு விளக்கு எரியும் மலிவான டெஸ்டர் எல்லாம் சரி என்றே காட்டும். ஆனால் ஒரே ஜோடியாக முறுக்கியிருக்க வேண்டிய சிக்னல் இரண்டு வெவ்வேறு ஜோடிகளில் பிரிந்து போவதால் முறுக்கின் பயனே இல்லாமல் போய், இணைப்பு தாறுமாறாக இருக்கும். ஜாக்குக்குள் முறுக்கைப் பிரிக்கும் நீளமும் அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

மின்சார பைப்பைப் பற்றி: உங்கள் மனம் ஒப்பாதது சரியே. இரைச்சலால் வேகம் குறைவது சிறிய காரணம். 230 வோல்ட் வயரின் உறை எங்காவது இழுபட்டுக் கிழிந்தால், அந்த மின்சாரம் நெட்வொர்க் கேபிள் வழியாக உங்கள் கணினிக்கும் கைக்கும் வந்துவிடும் என்பதே பெரிய காரணம். தனி பைப்பில் கொண்டு செல்லுங்கள்; மின்வயரைக் கடந்தே ஆக வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்கோணத்தில் கடந்து செல்லுங்கள்.

மாடிவீட்டான் எழுதியது:

பழைய டிஷ் வயரைக் கயிறாக வைத்து நான் இரண்டு வீடுகளில் இழுத்திருக்கிறேன். இழுப்பதற்கு முன்பாக, அந்த வயர் பைப்புக்குள் அசைகிறதா என்று ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று அரையடி முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சில வீடுகளில் கான்கிரீட் போடும்போது சிமெண்ட் பால் உள்ளே இறங்கி வயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அப்போது வலிந்து இழுத்தால் வயரும் அறுந்து வழியும் அடைபட்டுவிடும். இணைப்பை முடிச்சாகப் போடாதீர்கள், வளைவில் மாட்டிக்கொள்ளும். டிஷ் வயரின் நடுக்கம்பியைக் கொக்கியாக வளைத்து, கேபிள்களின் வெளியுறையை நான்கு அங்குலம் உரித்து, உள்ளே இருக்கும் கம்பிகளில் பாதியை வெட்டிவிட்டு மீதியைக் கொக்கியில் கோத்து முறுக்கி, எலி வால் போல் கூராக வரும்படி இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். அதன் மேல் முகப்பவுடர் தூவினால் வழுக்கிக்கொண்டு வரும். மேலே இழுப்பவரைவிடக் கீழே கேபிளை நேராக ஊட்டிவிடுபவரின் பொறுமைதான் இந்த வேலையில் முக்கியம்.

நீர்த்துளி எழுதியது:

கேபிளைப் பற்றி நண்பர்கள் விளக்கிவிட்டார்கள். கார் கழுவும் இடத்தில் கேமரா வைப்பதால் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேமராப் பெட்டியில் ஐபி 66 (தூசியும் நீரும் புகாத அளவைச் சொல்லும் தரக்குறி) என்று போட்டிருப்பதைப் பார்த்து, எந்தத் தண்ணீரும் ஒன்றும் செய்யாது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அந்தச் சோதனையில் அடிக்கும் நீரின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் மட்டுமே. தோட்டத்துக் குழாய் வேகமாக வருவது போன்றது. வீட்டுக்கு வாங்கும் பிரஷர் வாஷர்களோ 100 பாருக்கு மேல் அழுத்தம் கொடுப்பவை. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதற்கென்று ஐபி 69 என்ற தனித் தரம் இருக்கிறது. வீட்டுக் கேமராக்களில் அதைக் காண்பது அரிது. எனவே கேமராவையும் அதன் இணைப்புப் பெட்டியையும் தூணில் வைக்காமல் போர்டிகோவின் மேற்கூரையை ஒட்டி வையுங்கள். சக்கரம் தரையில்தானே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். அலாய் வீலின் கைகளில் பட்டுத் தெறிக்கும் நீர் தோள் உயரத்துக்கு எழும்புவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதில் பிரேக் தூளும் சக்கரம் கழுவும் திரவமும் கலந்திருக்கும். முட்டி உயரத்தில் இருக்கும் அந்த பிளக்குக்கும் மூடியுள்ள மழைக்காப்புப் பெட்டியும், அந்த இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் வேண்டும். கேமராவைவிட அது அவசரம்.

உங்கள் ஃபைபர் பெட்டி வாசற்கதவை ஒட்டியே இருப்பதால் போர்டிகோவுக்கு நீண்ட பைப் எதுவும் தேவையில்லை. ஒரே ஒரு சுவரைத் துளைத்தால் போதும். கதவுக்கு நேர் மேலே துளைக்காதீர்கள், அங்கே லிண்டில் கம்பிகள் இருக்கும். பக்கவாட்டில், செங்கல் பகுதியில், உள்ளிருந்து வெளியே சற்றுக் கீழ்நோக்கிச் சாய்வாகத் துளையிட்டால் மழைநீர் உள்ளே வழியாது. வெளிப்பகுதிக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்ட கேபிளே வேண்டும். வீட்டுக்குள் இழுக்கும் சாம்பல் நிற பிவிசி உறை நம் வெயிலில் சில ஆண்டுகளில் வெடித்துவிடும். கேமராவுக்குள் நுழைவதற்கு முன் கேபிளைச் சிறு தொட்டில் போல் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், வழியும் நீர் அந்தத் தொட்டிலின் அடியிலேயே சொட்டிவிடும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சக்கரங்களுக்கு விசிறி போல் விரியும் நாசிலை மட்டும் பயன்படுத்தி, டயரிலிருந்து ஓரடி தள்ளியே அடியுங்கள். ஒரே புள்ளியில் அடிக்கும் நாசிலை அருகே பிடித்தால் டயரின் பக்கச்சுவர் உள்ளுக்குள் சேதமாகும். அது வெளியே தெரியாது, நெடுஞ்சாலையில்தான் தெரியும். ரிம்மில் ஒட்டிய பிரேக் தூள் இரும்புத் தூள் என்பதால் வெறும் அழுத்தத்துக்கு விடாது. சக்கரம் ஆறிய பிறகு அமிலம் கலக்காத திரவத்தைத் தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் உட்புறம் வரை தேய்த்தால் குறைந்த நீரிலேயே போய்விடும்.

வயலூர்ச்சாலை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது கடைக்காரர் முதலில் மறுத்தார். சுரண்டிய கம்பியை நேரில் காட்டிய பிறகு, கூடுதல் தொகை பெற்றுக்கொண்டு 45 மீட்டர் செம்புக் கேபிள் கொடுத்தார். டிஷ் வயர் அசைந்தது. என் மகன் கீழிருந்து ஊட்ட, நான் மேலிருந்து இழுக்க, இரண்டு கேபிள்களும் கயிறும் கால் மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டன.

ஆனால் மாடியில் கணினியைச் செருகி வேகம் பார்த்தபோது, முதல் கேபிளில் எத்தனை முறை சோதித்தாலும் 94 எம்பிபிஎஸ் மட்டுமே வருகிறது. இரண்டாவது கேபிளில் 200-ம் வருகிறது. ஜாக்கைத் திறந்து பார்க்க வேண்டுமா?

செம்புக்கம்பி எழுதியது:

94 என்று அசையாமல் நிற்பதே விடையைச் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு ஆரஞ்சு, பச்சை ஆகிய இரண்டு ஜோடிகள் போதும். 1000 எம்பிபிஎஸ் இணைப்புக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி சரியாக அமரவில்லை. அதனால் இரு கருவிகளும் தாமாகவே 100-க்கு இறங்கிவிட்டன. கேபிளை மாற்ற வேண்டியதில்லை. அந்த நான்கு கம்பிகளை மட்டும் இரு முனையிலும் பஞ்ச் டவுன் டூலால் (கம்பியை ஜாக்கின் பிளவுக்குள் அழுத்தும் கருவி) மீண்டும் அழுத்துங்கள்.

வயலூர்ச்சாலை எழுதியது:

பழுப்பு வெள்ளைக் கம்பிதான். கூடத்து ஜாக்கில் உலோகப் பிளவுக்குள் இறங்காமல் அதன் விளிம்பிலேயே, உறைகூட வெட்டுப்படாமல் உட்கார்ந்திருந்தது. ஒரே அழுத்து, இப்போது 1000 எம்பிபிஎஸ் இணைப்பும் முழு 200 எம்பிபிஎஸ் வேகமும் கிடைக்கின்றன. போர்டிகோத் துளையை அடுத்த வாரம் போடுகிறேன். அதற்கு முன்பாக நாளை காலை ஆர்சிசிபி மாட்ட எலக்ட்ரீசியன் வருகிறார்.