1970 செவெல் எல்எஸ்6: பேடில் ஓடும் கோடு ஆலைக்கோடா?

எல்எஸ்6_டெக்சாஸ்:
டெக்சாஸில் சுற்றும், எல்எஸ்6 என்ற 454 கன அங்குல இன்ஜின் போட்ட செவர்லே செவெல்களில் பாதி போலி என்று போன வாரம் ஒருவர் இங்கே எழுதினார். யாரை மனதில் வைத்து எழுதினார் என்று எனக்குத் தெரியும். என் வண்டி அசல். 1970 செவெல் எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) 454, 450 குதிரைத்திறன், நாலு கியர் மேனுவல். இன்ஜின் பேடில் (பிளாக்கின் மேல்தளத்தோடு சேர்ந்த, எழுத்து அடிக்கும் தட்டையான இடம்) சிஆர்வி என்று பளிச்சென்று அடித்திருக்கிறது. மேனுவல் கியரோடு வந்த எல்எஸ்6-க்குத்தான் அந்த எழுத்து. பக்கத்திலேயே வண்டியின் வரிசை எண்ணும் இருக்கிறது. ஆறு படம் போட்டிருக்கிறேன். 1,40,000 டாலருக்கு ஒரு டாலர் குறைத்துத் தரமாட்டேன்.

பழைய_இரும்பு:
எழுதியது நான்தான், நேராகவே கேட்கலாம். ஐந்தாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பேடின் மேல் கோடுகள் பிறை பிறையாக வளைந்து போகின்றன. இந்த இன்ஜின் செய்த டோனவாண்டா ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தை ப்ரோச் என்ற பல்வரிசை வெட்டுக்கருவி போட்டுச் சீவினார்கள். அந்தக் கோடு முன்னாலிருந்து பின்னால் நேராக, மயிரிழை மாதிரி ஓடும். வளைந்த கோடு என்றால் பிற்பாடு ஏதோ பட்டறையில் சுழல் கட்டர் ஓடியிருக்கிறது.

எல்எஸ்6_டெக்சாஸ்:
முந்தைய ஓனர் காலத்தில் ஹெட் கேஸ்கட் போய் மேல்தளத்தைச் சீவியிருக்கிறார்கள். ஐம்பது வருடம் ஓடிய இன்ஜினுக்கு இது சகஜம். சீவினால் இன்ஜின் வேறாகிவிடுமா? சிஆர்வி இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

பழைய_இரும்பு:
நானும் அதைத்தான் கேட்கிறேன். சீவியிருந்தால் எழுத்தும் கூடவே போயிருக்கும், இல்லை தேய்ந்து அரைகுறையாக நிற்கும். உங்கள் படத்தில் எழுத்து அந்த வளைந்த கோட்டை வெட்டிக்கொண்டு ஆழமாக இறங்கியிருக்கிறது. கடைசி எழுத்தின் ஓரத்தில் இரும்பு பிதுங்கி மேலே நிற்கிறது, பாருங்கள். கட்டர் ஓடி முடிந்த பிறகு அடித்த எழுத்து அது.

ஹெமி_ஆர்:
செவி ஆட்களுக்கு இந்தத் தலையெழுத்து! எங்கள் மோபாரில், அதாவது கிரைஸ்லர் வண்டிகளில், வின் எண்ணின் (வண்டியின் அடையாள எண்) ஐந்தாவது எழுத்தே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970, 71 வண்டியில் 'ஆர்' என்றால் 426 ஹெமி இன்ஜின், பேச்சே இல்லை. 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. செவெல் வின்னில் என்ன இருக்கிறது? 13637. மாலிபு வி8, ரெண்டு கதவு. எஸ்எஸ் என்றுகூட அதில் இல்லை.

பழைய_இரும்பு:
வின் தகடும் ரிவெட் அடித்து வைத்த தகடுதான் சார். கழற்றி வேறு பாடியில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மோபாரின் ஃபெண்டர் டேகை (ஆலை விவரம் அடித்த தகடு) புதிதாக அடித்துத் தரவும் ஆள் உண்டு. 1966 முதல் 68 வரை செவெலிலும் 138 என்று வின் தொடங்கினால் அது எஸ்எஸ்396 என்று அடித்துச் சொல்லலாம். 69-ல் எஸ்எஸ்ஸை ஆப்ஷன் ஆக்கினார்கள், அந்த வசதி போயிற்று. அதனால்தான் பேடைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். ஓனர் இன்னும் கோட்டுக்குப் பதில் சொல்லவில்லை.

ஓஷாவா_தம்பி:
அண்ணே, ஒரு சின்ன விஷயம். மூன்றாவது படத்தில் கவுல் டேகில் (பாடி விவரம் அடித்த தகடு) 02ஏ என்று இருக்கிறது. பாடி பிப்ரவரி முதல் வாரம். பேடில் டி0219, அதாவது இன்ஜின் பூட்டியது பிப்ரவரி 19. பாடி வந்து இரண்டு வாரம் கழித்தா இன்ஜின் பிறந்தது? அப்புறம், கனடாவில் விற்ற வண்டி என்றால் ஜிஎம் கனடாவிடம் பழைய பதிவு உண்டு. அமெரிக்காவில் விற்ற செவிக்கு பில்ட் ஷீட்தான் (என்னென்ன பூட்டவேண்டும் என்று ஆலையில் அச்சடித்த காகிதம்) கதி. பெட்ரோல் டேங்க் மேலேயும் சீட் ஸ்பிரிங்குக்குள்ளேயும் தேடினீர்களா?

பழைய_இரும்பு:
தம்பி, தேதி இருக்கட்டும். முதலில் கோட்டுக்குப் பதில் வரட்டும்.

எல்எஸ்6_டெக்சாஸ்:
பில்ட் ஷீட்டை எலி தின்றிருக்கும். எல்லோர் வண்டியிலும் காகிதம் பத்திரமாக இருக்கிறதா என்ன? இந்த 'பழைய இரும்பு' யார் என்று புதியவர்களுக்குத் தெரியவேண்டும். இரண்டு வருடம் முன்னால் ஒருவருடைய கமாரோவை இப்படித்தான் போலி போலி என்று கத்தினார். அந்த மனிதர் பயந்துபோய்ப் பாதி விலைக்குத் தள்ளினார். வாங்கியது இவருடைய நண்பர்.

பழைய_இரும்பு:
அதை 1969 இசட்எல்1 என்று விற்கப் பார்த்தார்கள். இசட்எல்1 மொத்தமே 69 வண்டி, இன்ஜின் முழு அலுமினிய 427. அவர் காட்டிய பிளாக்கில் என் காந்தம் சப்பென்று ஒட்டியது. அலுமினியத்தில் காந்தம் ஒட்டுமா? என் நண்பர் அதை 427 போட்ட சாதாரண கமாரோ என்று தெரிந்து, அதற்குரிய விலை கொடுத்துத்தான் வாங்கினார். இதில் எனக்கு ஒரு சல்லி லாபம் இல்லை.

நான் ஏன் கத்துகிறேன் என்றும் சொல்கிறேன். நானும் ஒரு எல்எஸ்6 வாங்கினேன். ஒரு விற்பனையாளர் பத்திரம், ஸ்டிக்கர் எல்லாம் காட்டினார். நாலு வருடம் கழித்து விற்கப் போனபோது, பார்க்க வந்தவர் பேடில் தின்னர் நனைத்த துணியை ஒரு இழுப்பு இழுத்தார். ஆரஞ்சு பெயின்ட் போய், அடியில் புத்தம்புது இரும்பு வளைந்த கோட்டோடு சிரித்தது. மகள் படிப்புக்கு வைத்திருந்த பணம் அது. அன்றிலிருந்து எந்தப் பேடைப் பார்த்தாலும் முதலில் கோட்டைத்தான் பார்ப்பேன்.

ஹெமி_ஆர்:
ஏமாந்த கதையைச் சொல்லிவிட்டு வாத்தியார் வேலை எதற்கு? ஹெமி வாங்கியிருந்தால் இந்தக் கஷ்டமே இல்லை.

பழைய_இரும்பு:
ஹெமிக்கு வேறு இழை திறந்து பேசுங்கள் சார். இது செவெல்.

எல்எஸ்6_டெக்சாஸ்:
ஸ்டார்ட் செய்தால் வால்வைத் தள்ளும் சாலிட் லிஃப்டர் டிக் டிக் என்று பேசுகிறது. 12 போல்ட் ஆக்சில் இருக்கிறது. பிளாக் வார்ப்பு எண் 3963512. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய_இரும்பு:
அந்த வார்ப்பு எண் 454-இன் இன்னொரு வகையான 360 குதிரைத்திறன் எல்எஸ்5-க்கும் உண்டு. சாலிட் லிஃப்டர் கேமை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். 12 போல்ட் ஆக்சிலும் அப்படித்தான். மாட்ட முடியாதது அந்த நேர்கோடு ஒன்றுதான். அதைக்கூட இப்போது செதுக்கப் பழகிவிட்டார்கள், ஆனால் உங்களுக்கு அடித்துக் கொடுத்தவர் அந்த அளவு சிரமம்கூட எடுக்கவில்லை. கார்ப் கிளீனர் போட்டுப் பேடைத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒரு படம் எடுங்கள். ஐந்து நிமிட வேலை.

எல்எஸ்6_டெக்சாஸ்:
என் இன்ஜினை யாரோ சொன்னார் என்று சுரண்ட நான் தயாராக இல்லை. சிஆர்வி இருக்கிறது. விலை 1,40,000.

ஓஷாவா_தம்பி:
அந்தப் பிப்ரவரி 19?

எல்எஸ்6_டெக்சாஸ்:
தம்பி, டேகில் இருப்பது பாடி தேதி. வண்டி வெளியே வந்த தேதி இல்லை. படித்துவிட்டு வாருங்கள். சந்தேகம் இருக்கிறவர்கள் சனிக்கிழமை என் வீட்டுக்கு நேரில் வரலாம். டார்ச் கொண்டுவரலாம், கிளீனர் கூடாது.

பழைய_இரும்பு:
கிளீனர் இல்லாமல் நான் எதற்கு மிச்சிகனிலிருந்து வரவேண்டும்? நாலாவது தடவையாகக் கேட்கிறேன். சீவிய தளத்தில் எழுத்து மட்டும் எப்படிச் சீவப்படாமல் நிற்கிறது?