புதுப்பிப்பு: சட்டத்தையும் நிதியியலையும் சேர்த்துப் படிப்பது

சேலத்தில் வழக்கறிஞராகப் பணிபுரியும் நான், அடுத்து எல்.எல்.எம். படிப்பதா, நிதியியலில் எம்.பி.ஏ. படிப்பதா, இரண்டும் இணைந்த முதுநிலைப் படிப்புக்கு முயல்வதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. இணைந்த படிப்புக்கே விண்ணப்பிக்கிறேன்.

இந்த முடிவுக்குக் காரணம், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வந்த ஒரு கொலுசுப் பட்டறைக்காரர். அவரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்த நிறுவனம், 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் கீழ்த் தீர்வு நடைமுறைக்குள், அதாவது கடனை அடைக்க முடியாத நிறுவனத்தைக் கலைக்காமல் மீட்க முயலும் நடைமுறைக்குள், சென்றுவிட்டது. ரப்பர் பேண்டு போட்ட பில் கட்டை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு எவ்வளவு சார் வரும்?" என்று மட்டும் கேட்டார். சரக்கு கொடுத்தவர் என்பதால், மீட்புத் திட்டத்தை முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் அவருக்கு வாக்கு இல்லை. ஆயினும், நிறுவனத்தைக் கலைத்தால், யாருக்கு முதலில் பணம் என்று சொல்லும் 53ஆம் பிரிவின் வரிசைப்படி கிடைக்கக்கூடிய தொகைக்குக் குறையாமல் அவருக்குத் தர வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 30ஆம் பிரிவு. அந்த வரிசையை உடனே சொல்ல முடிந்த எனக்கு, பிணையம் பெற்ற வங்கிகளுக்கும் தொழிலாளர்களின் 24 மாத நிலுவைக்கும் போக என்ன மிஞ்சும் என்பதை நிறுவனத்தின் சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பைப் பார்த்துக் கணிக்கத் தெரியவில்லை. அவர் கேட்டதோ அதைத்தான். அது என்னை மிகவும் வருத்தியது.

ஆக்ஸ்ஃபோர்டில் சட்டப் புலமும் சயீத் வணிகப் பள்ளியும் சேர்ந்து நடத்தும் பத்து மாத எம்.எஸ்சி. படிப்பே என் முதல் தேர்வு. சட்டம் படித்தவர்களுக்கு நிதிப் பொருளாதாரத்தை அடிப்படையிலிருந்து கற்பிக்கிறார்கள். கட்டணம் பெரிது என்பதால், உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே செல்வேன். விடை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.