சீனா ஏன் சிதறவில்லை?

குண்டாற்றங்கரை:
போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். பழைய சீனாவில் சின் நாட்டு அரசன் கி.மு. 221க்குள் மற்ற ஆறு நாடுகளையும் அடித்துப் பிடித்தான், சரி. ஆனால் 15 வருஷத்தில் அந்த வம்சமே கவிழ்ந்துவிட்டது. அப்புறமும் சீனா எப்படி ஒட்டி நின்றது? இங்கே புளியரை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலே பேச்சு மாறிவிடுகிறதே!

தென்மலைத் தம்பி:
பயம்தான். எதிர்த்தால் தலை போகும்.

மீட்டர்கேஜ் தாத்தா:
பயமே போதுமென்றால் சின் ஏன் கவிழ்ந்தது, தம்பி?

நான் ரயில்வேயில் இருந்தவன். செங்கோட்டைக்கு ஒரு பக்கம் அகலப்பாதை, புனலூர்ப் பக்கம் மீட்டர்கேஜ் என்று இருந்த வருஷங்களில், ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வண்டி மாறியதைப் பார்த்திருக்கிறேன். 2018இல்தான் அது தீர்ந்தது. சீனாவிலும் நாட்டுக்கு நாடு வண்டித்தடத்தின் அகலம் வேறு. சின் அரசன் வண்டி அச்சின் நீளத்தை ஒன்றாக்கினான். எடை, அளவு, நடுவில் சதுர ஓட்டை போட்ட காசு, எல்லாம் ஒன்று. எங்கள் ஆச்சி திருவிதாங்கூர்க் காலத்தில் ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம் (அந்த ஊர்க் காசு) என்று கணக்குப் போட்டவள். அந்த அரைச் சக்கரத்துக்கு நடந்த சண்டையை அவள் சொல்லிக் கேட்கவேண்டும்!

எல்லாவற்றையும்விடப் பெரியது எழுத்து. பாவூர்சத்திரம் சந்தையில் பலகையில் 40 என்று எழுதியிருந்தால் நான் நாற்பது என்பேன், வடநாட்டு லாரிக்காரர் சாலீஸ் என்பார். விலை ஒன்றுதான். சீன எழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான். தெற்கே இருக்கும் கான்டன்காரர் பேச்சு பெய்ஜிங்காரருக்குப் புரியாது, கடிதம் புரியும். அந்த எழுத்தை ஒழுங்குபடுத்தியவர் சின் அமைச்சர் லி சி.

அடுத்து வந்த ஹான் வம்சம் சின்னின் நிர்வாகத்தைப் பெருமளவு வைத்துக்கொண்டு கெடுபிடியைத் தளர்த்தியது. கன்பூசிய நூல்களைக் கற்பிக்க கி.மு. 124இல் 50 மாணவர்களோடு ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். பிற்பாடு அது 30,000 பேர்வரை வளர்ந்தது. எந்த மூலையிலிருந்து வந்தாலும் படித்தது ஒரே நூல். பிற்காலத்தில் வந்த சுயி வம்சம் அதிகாரிகளைப் பொறுக்கி எடுக்கத் தொடங்கிய அரசுத் தேர்வு 1905 வரை ஓடியது.

குண்டாற்றங்கரை:
அதிகாரியைச் சொந்த ஊரில் போடமாட்டார்களாமே?

மீட்டர்கேஜ் தாத்தா:
ஆமாம், ஹான் காலத்திலேயே அந்த வழக்கம் உண்டு. மாமன் மச்சான் கூட்டம் சேர்ந்துவிடும் என்ற பயம். தம்பி சொன்ன பயம் இதுவாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்.

தென்மலைத் தம்பி:
சரி தாத்தா, தோற்றேன். ஆச்சியின் சக்கரம் வீட்டில் இருக்கிறதா?

மீட்டர்கேஜ் தாத்தா:
இரண்டு இருக்கிறது. நடுவில் ஓட்டைதான் இல்லை.