கூரைப் பூச்சு விழுகிறது, "மூன்று மாதம் காலி பண்ணுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். சாவியைக் கொடுக்கலாமா?

மாடிக்குடித்தனம்:
வணக்கம். நாலு வருடமாக இதே வாடகை வீடு. போன வாரம் ராத்திரி படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து கட்டிலின் தலைமாட்டில் விழுந்தது. பையன் அன்றைக்குப் பாட்டியோடு கூடத்தில் படுத்திருந்ததால் தப்பித்தான். விழுந்த இடத்தில் கம்பி தெரிகிறது, தொட்டால் துரு செதில் செதிலாக உதிர்கிறது. அந்த மூலையில் இரண்டு வருடமாகவே ஓதம். சொல்லிக்கொண்டுதான் இருந்தோம், ஆனால் எல்லாம் வாய்வார்த்தை.

வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பெரிய வேலை, மூன்று மாதம் காலி பண்ணிக் கொடுங்கள், முடிந்ததும் பார்க்கலாம்" என்றார். அந்தப் "பார்க்கலாம்"தான் உறுத்துகிறது. வாடகையை நிறுத்தினால் வழிக்கு வருவார் என்கிறார் என் கணவர். ஒப்பந்தத்தில் "பராமரிப்பு குடியிருப்பவர் பொறுப்பு" என்று ஒரு வரி வேறு இருக்கிறது. செலவும் எங்கள் தலையிலா?

கம்பியும் கலவையும்:
சட்டம் அப்புறம். முதலில் அந்த அறையைப் பூட்டுங்கள், இன்றைக்கே.

பூச்சு மட்டும் விழுவது வேறு, கம்பி தெரிவது வேறு. காங்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மைதான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்க இறங்க அந்தக் காரம் போய்விடும். கூடவே ஈரமும் இருந்தால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். அது உள்ளேயிருந்து நெம்பித் தள்ளுவதைத்தான் நீங்கள் கட்டிலில் பார்த்தீர்கள். மேலே சிமென்ட் அப்பி வெள்ளையடித்துக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள், மறுபடி விழும். கசிவை நிறுத்த வேண்டும், தளர்ந்ததை எல்லாம் கொத்தி எடுக்க வேண்டும், கம்பியைத் துரு போகச் சுரண்ட வேண்டும், ரொம்பத் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். அந்தத் தூசியிலும் சத்தத்திலும் குடியிருக்க முடியாது, அதில் வீட்டுக்காரர் சொல்வது நியாயம்தான்.

ஆனால் ஓர் அறைக்கு மூன்று மாதமா, முழுத் தளத்துக்கா? கட்டடப் பொறியாளர் ஒருவர் தட்டிப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். நல்ல காங்கிரீட் கணீரென்று கேட்கும், விட்டுப்போனது பொத்தென்று கேட்கும். காரணம் கசிவுதான், நீங்கள் ஆணி அடித்ததல்ல என்பதற்கும் அந்தக் காகிதமே சாட்சி.

பழைய வழக்குக்கட்டு:
எந்த நாடு என்று நீங்கள் சொல்லவில்லை. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனாலும் அடிப்படை அவ்வளவாக மாறாது. "பராமரிப்பு" என்றால் குழாய் வாஷர், பல்பு, அடைத்துக்கொண்ட சாக்கடை. கூரையும் தூணும் அதில் வராது என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டு உரிமையாளர்-குடியிருப்பவர் சட்டத்தின் 11வது பிரிவு, 7 வருடத்துக்குக் குறைந்த குத்தகைகளில் கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்புறத்தையும் உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதைத் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியில் குடியிருக்கும் வசதி குறைந்தால் அந்த அளவுக்கு வாடகையும் சட்டப்படி குறையும் (சிவில் சட்டம் 536வது பிரிவு), ஆனால் பழுதை உடனே தெரிவித்திருக்க வேண்டும். இந்தியாவில் 1882 சொத்து மாற்றுச் சட்டம் 108வது பிரிவின்படி, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவிப்பு கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால், குடியிருப்பவரே செய்து வாடகையில் வட்டியோடு கழிக்கலாம். "கடமைப்பட்ட" என்பதில்தான் சண்டையே. ஒப்பந்தத்தையும் மாநில வாடகைச் சட்டத்தையும் சேர்த்துப் படிக்காமல் கழிக்கத் துணியாதீர்கள்.

எங்கே இருந்தாலும் எழுத்தில் சொன்னால்தான் பிறகு நிரூபிப்பது எளிது. நீங்கள் இரண்டு வருடம் வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், வாடகையை நீங்களாக நிறுத்தினால் பழுது வழக்கு பாக்கி வழக்காக மாறிவிடும். வீட்டுக்காரருக்கு வேண்டியதும் அதுவாக இருக்கலாம்.

ஏமாந்தவன்:
நான் சாவியைக் கொடுத்தவன். "ஒரே மாதம், தரை மாற்ற வேண்டும்" என்றார். நல்ல மனிதர், வருடக்கணக்கில் பழக்கம். அட்வான்ஸைக் கையோடு கொடுத்தபோது, நேர்மையானவர் என்று மெச்சிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போட்டேன். "கணக்கு முடிந்தது" என்று அதில் எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. மாதம் கழித்துப் போனால் பால்கனிக் கொடியில் வேறு யாருடைய துணியோ காய்கிறது. கேட்டால், "நீங்கள்தான் காலி பண்ணிவிட்டீர்களே" என்றார்.

மாடிக்குடித்தனம்:
ஐயோ. இங்கேயும் அட்வான்ஸைத் தந்துவிடுகிறேன் என்று நேற்றுத்தான் சொன்னார், பெருந்தன்மை என்று நினைத்தேன். அப்படியானால் கடிதத்தில் என்ன எழுதுவது?

பழைய வழக்குக்கட்டு:
மிரட்டல் தொனி வேண்டாம். "இன்ன தேதியில் படுக்கையறைக் கூரை பெயர்ந்து விழுந்தது, படங்கள் இணைத்துள்ளேன். பழுது பார்ப்பதற்காக மட்டும் தற்காலிகமாக ஒதுங்கி இருக்கச் சம்மதிக்கிறோம். குடியிருப்பு உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. வேலை தொடங்கும் தேதி, முடியும் தேதி, அதுவரை வாடகை எவ்வளவு, இடைக்காலத் தங்கலுக்கு யார் செலவு, திரும்பும்போது அதே வாடகையா என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்." இவ்வளவு போதும். பதிவுத் தபாலில் ஒன்று, அவர் பார்க்கும் வாட்ஸ்அப்பில் ஒன்று. அட்வான்ஸ் அவரிடமே இருக்கட்டும்.

கம்பியும் கலவையும்:
ஒரு சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்காத அறையில் சாமான்களை விட்டுவிட்டுப் போங்கள். படமெடுத்த பிறகு.

மாடிக்குடித்தனம்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் அவரே பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வந்தார். படுக்கையறையும் அதை ஒட்டிய குளியலறையும்தான் பழுது, கூடத்தில் தட்டினால் கணீரென்றே கேட்கிறது. மூன்று மாதம் ஐந்து வாரமாகச் சுருங்கியது. அதுவரை பாதி வாடகை என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். தங்கல் செலவுக்கு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மாமியாரின் தங்கை வீட்டில் இடம் இருந்ததால் நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

பீரோவைக் கூடத்து மூலைக்கு நகர்த்தி, பாலிதீன் போர்த்திக் கட்டிவிட்டு வந்தோம். சாவி ஒன்று என் பையில்தான் இருக்கிறது.