எகிப்து கல்லறை ஜாடி மூடில ஏன் வேற வேற தலை?

கேள்வி:
மம்மி செய்யும்போது எடுக்குற உள்ளுறுப்பையெல்லாம் போட்டு வைக்கிற நாலு ஜாடி இருக்குல்ல, சில செட்டுல மூடி மனுஷன், குரங்கு, நரி, ராஜாளின்னு நாலு தலையா இருக்கு, ஆனா எகிப்து ராஜா துட்டன்காமுன் செட்டு போட்டோல நாலுமே மனுஷ முகம், ஏன் இப்படி? இதயத்துக்கு எந்த ஜாடி?

பதில் 1:
காலம்தாங்க காரணம். ஆரம்பத்துல மூடி வெறும் பிளெயின்தான். பிரமிடு கட்டுன கூஃபுவோட அம்மா ஹெடெப்ஹெரெஸ் கல்லறைய கீசால 1925ல கண்டுபிடிச்சாங்களே, அதுல ஜாடியே கிடையாது, அலபாஸ்டர்ங்கற வெள்ளைக் கல்லுப் பெட்டிக்குள்ள நாலு அறை, அவ்ளோதான். அப்புறம் மனுஷத் தலை வந்துச்சு, விலங்குத் தலை பரவலானது 19வது வம்சத்துல. துட்டன்காமுன் அதுக்கு முந்தின 18வது வம்சம், அதான் நாலுலயும் ராஜா முகம்.

பதில் 2:
நாலு தலையும் ஹோரஸ்ங்கற கடவுளோட நாலு பசங்க, உறுப்புகளுக்கு காவல். ஈரலுக்கு மனுஷ முகம் இம்செட்டி, நுரையீரலுக்கு பபூன் குரங்கு ஹாப்பி, இரைப்பைக்கு நரி துவாமுதெஃப், குடலுக்கு ராஜாளி கெபெசெனுயெஃப். இந்த காவலுக்கே தனியா காவல் உண்டு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு தேவி, வரிசையா ஐசிஸ், நெஃப்திஸ், நெய்த், செல்கெட். துட்டன்காமுனுக்கு உறுப்ப துணில சுத்தி, குட்டி தங்க சவப்பெட்டில வச்சு, அத ஒரே கல்லுல குடைஞ்ச பெட்டிக்குள்ள இறக்கி, அது மேல ராஜா தலை மூடி, அதுக்கும் வெளில தங்கத்தகடு போர்த்துன மரக்கூடு. அந்த கூட்டோட நாலு பக்கமும் நாலு தேவியும் உள்பக்கம் பாத்து கைய விரிச்சு நிக்கிறாங்க, ஆனா தலைய மட்டும் லேசா பக்கவாட்டுல திருப்பி இருக்காங்க, யாரோ வர்றாங்களான்னு பாக்குற மாதிரி. செல்கெட் தலைல தேள் இருக்கும், அத வச்சே அடையாளம் கண்டுக்கலாம். எகிப்து சிற்பத்துல எனக்கு இதவிட பிடிச்சது எதுவும் இல்ல.

பதில் 3:
இதயத்துக்கு ஜாடி இல்ல, அத உடம்புலயே விட்டுடுவாங்க. செத்தப்புறம் நடக்குற தீர்ப்புல, உண்மை நீதிக்கான தேவி மாஅத்தோட இறகுக்கு எதிரா தராசுல வைக்கிறது இதயத்தத்தான், அறிவு நினைவு எல்லாம் அதுலதான்னு நம்புனாங்க. மூளைய மூக்கு வழியா எடுத்து தூக்கிப் போட்டுடுவாங்க.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஒரு மியூசியத்துல பாத்த ஜாடி உள்ள குடையவே இல்ல, வெறும் கல்லு, அது போலியா?

பதில் 3:
போலின்னு முடிவு பண்ணாதீங்க. 21வது வம்சத்துல உறுப்ப சுத்தி திரும்ப உடம்புக்குள்ளயே வைக்க ஆரம்பிச்சாங்க, கூடவே நாலு பசங்களோட மெழுகு பொம்மையும் வைப்பாங்க. ஜாடிக்கு வேலையே இல்ல, ஆனாலும் அந்த நாலு பேர் காவல் வேணும்னு குடையாத ஜாடிய செஞ்சு கல்லறைல வச்சாங்க. நீங்க பாத்தது அந்த வகையா இருக்கலாம், லேபிள்ல காலம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க.