‘ராணுவப் புரட்சி’ என்பதற்கு மாற்றுச்சொல் வேண்டும் (வெள்ளிக்குள்)

தண்டையார்பேட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். உலக வரலாற்றுக் கையேடு சனிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். நேற்று ஒரு மாணவி எழுந்து நின்றாள். “சார், 1952-இல் எகிப்தில் ராணுவ அதிகாரி நாசரும் கூட்டாளிகளும் மன்னர் ஃபரூக்கை இறக்கியதும் ராணுவப் புரட்சி, 1973-இல் சிலியில் தளபதி பினோசே அதிபர் அயெந்தேவின் ஆட்சியைப் பிடித்ததும் ராணுவப் புரட்சியா? அயெந்தே மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் ஆச்சே?” என்றாள். என்னிடம் பதில் இல்லை. ‘ஆட்சிக் கவிழ்ப்பு’ என்று போடலாம் என்றால், சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி மாறி ஓர் அரசு போவதற்கும் அதே சொல்தான். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

ராயபுரத்திலிருந்து:

தம்பி, மாணவி கேட்டது இலக்கணப்படியே சரியான கேள்வி. புரள் என்பது தன்வினை. ‘சி’ விகுதி சேர்ந்து புரட்சி. திரள் திரட்சி ஆவதும், மிரள் மிரட்சி ஆவதும் இப்படித்தான். மிரள்பவனுக்கு வருவது மிரட்சி. மிரட்டுபவன் செய்வது மிரட்டல். அதுபோல, மக்கள் தாமே புரண்டெழுந்தால்தான் புரட்சி. நாலு தளபதிகள் இரவோடு இரவாகப் புரட்டிப் போட்டால் அது புரட்டு. எனவே ‘படைப்புரட்டு’ என்று வைக்கலாம். புரட்டு என்றால் ஏமாற்று என்ற பொருளும் கூடவே வருகிறது, அதுவும் பொருத்தம்தான். ‘ராணுவம்’ அயற்சொல் என்பதால் ‘படை’.

பெரம்பூரிலிருந்து:

ஐயா, இலக்கணம் புரிந்தது. ஆனால் ‘படைப்புரட்டு’ என்று எழுதினால் எவரும் முதலில் ‘படைப்பு’ என்றுதான் படிப்பார்கள். மிச்சமிருக்கும் ‘ரட்டு’ என்ன என்று விழிப்பார்கள். நான் நாளிதழில் வெளிநாட்டுச் செய்தி மொழிபெயர்த்தவன். இரவு பதினொரு மணிக்குச் சொல் தேடுகிறவனுக்கு, காலையில் டீக்கடையில் படிக்கிறவர் தயங்காமல் படிக்க வேண்டும் என்பதுதான் கவலை. ‘கவிழ்ப்பு’ எல்லாருக்கும் தெரியும். முன்னால் ‘ராணுவ’ என்று சேர்த்துவிட்டால் கட்சி மாறும் குழப்பமும் இல்லை. வேலை முடிந்தது.

வியாசர்பாடியிலிருந்து:

எனக்கு இது வெறும் சொல் விவாதம் இல்லை. 1962 மார்ச் 2-ஆம் தேதி பர்மாவில் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். தேர்தலில் வென்ற ஊ நு சிறைக்குப் போனார். நே வின் கூட்டம் தனக்கு வைத்துக்கொண்ட பெயரே ‘புரட்சிக் குழு’. 1964-இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ரங்கூனில் மளிகைக் கடை வைத்திருந்த என் தாத்தா கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார். எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு இதே கதைதான். பர்மா பஜாரும் கடற்கரை நிலையம் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வண்டிகளும் அப்படி வந்தவர்கள் போட்டவை. நே வின் செய்ததைப் ‘புரட்சி’ என்று நாம் அச்சடித்தால், அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயரை நாமும் ஒப்புக்கொள்கிறோம் என்றுதான் பொருள். ஐயா, கவிழ்ப்போ புரட்டோ எதையாவது வையுங்கள். புரட்சி மட்டும் வேண்டாம்.

ராயபுரத்திலிருந்து:

அம்மா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். 552-ஆம் குறளில் வேலொடு நின்றவனும் கோலொடு நின்றவனும் வருகிறார்களே, அங்கிருந்தே ஒரு சொல் எடுக்கலாம். வேல் பிடித்தவன் ஆள்பவனின் செங்கோலைப் பறிக்கிறான். ‘கோல்பறிப்பு’ என்போமா? பறி என்றாலே தனி அழகு. பூப்பறித்தல், மீன் போட்டு வைக்கும் பறி...

தண்டையார்பேட்டையிலிருந்து:

ஐயா, மன்னிக்கவும். ‘கோல்’ என்றால் என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கால்பந்துதான்.

இன்று வகுப்பில் ‘கவிழ்ப்பு’ என்று கரும்பலகையில் எழுதினேன். காசிமேட்டுப் பையன் ஒருவன் ஒத்துக்கொள்ளவில்லை. “படகு கவிழ்ந்தா எல்லாரும்தான் சார் தண்ணியில விழுவோம். இங்க படகு அப்படியே போகுது. சுக்கான் பிடிச்சவரைத் தள்ளிட்டு இன்னொருத்தன் பிடிச்சுக்கறான்” என்றான். யோசித்துப் பார்த்தால் அதே போலீஸ், அதே கஜானா, அதே வரி வசூல். கவிழ்வது அரசு இல்லை, ஆள் மட்டும்தான் மாறுகிறார். ஐயா சொன்ன ‘பறி’ நல்ல சொல். ‘வழிப்பறி’ எல்லாருக்கும் தெரியும். ‘ஆட்சிப்பறிப்பு’ என்று வைத்தால்?

ராயபுரத்திலிருந்து:

வழிப்பறி வழியில் பறிப்பது, ஏழாம் வேற்றுமை. ஆட்சிப்பறிப்பு ஆட்சியைப் பறிப்பது, இரண்டாம் வேற்றுமை. இரண்டையும் ஒரே அச்சு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். சொல் நன்று.

பெரம்பூரிலிருந்து:

எனக்கு இன்னும் உறுத்துகிறது. ‘பறி’ திருட்டுச் சொல். 1983-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தாமஸ் சங்காரா படைவீரர்களோடுதான் பதவிக்கு வந்தார். கட்டாயத் திருமணத்தையும் பெண் உறுப்புச் சிதைப்பையும் தடை செய்தார், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இயக்கம் நடத்தினார், நாட்டுக்கே புர்க்கினா ஃபாசோ என்று புதுப்பெயர் வைத்தார். 1987-இல் அவரைக் கொன்று அவருடைய கூட்டாளி கொம்பவோரே வந்தார். இருவரையும் வழிப்பறிக்காரர் வரிசையில் வைப்பதா? கவிழ்ப்பு என்றால் நல்லது கெட்டது எதுவும் சொல்லாமல் நிற்கும்.

வியாசர்பாடியிலிருந்து:

வைக்கத்தான் வேண்டும் அண்ணா. சங்காராவை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஒருவர் எப்படி வந்தார் என்பது ஒன்று, வந்து என்ன செய்தார் என்பது வேறொன்று. முன்னதற்கு இந்தச் சொல். பின்னதற்குச் ‘சீர்திருத்தம்’ இருக்கிறது, ‘சர்வாதிகாரம்’ இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் திணித்ததால்தான் அந்த மாணவிக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

தண்டையார்பேட்டையிலிருந்து:

சரி. கையேட்டில் ‘ராணுவ ஆட்சிப்பறிப்பு’ என்று போட்டுவிட்டேன். எகிப்துப் பகுதியை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: 1952 ஜூலை 23 ஆட்சிப்பறிப்பு, அடுத்த பத்தியில், ஒருவர் 200 ஃபெடானுக்கு (எகிப்திய நில அளவு, ஏறக்குறைய ஓர் ஏக்கர்) மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று செப்டம்பரில் வந்த நிலச்சீர்திருத்தம். பர்மாப் பகுதியில் ‘புரட்சிக் குழு’ மேற்கோள் குறிக்குள் இருக்கிறது. மாணவியிடம் காட்டினேன். சிலி பக்கத்தை இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள்.

பெரம்பூரிலிருந்து:

அச்சுக்குப் போகட்டும். என் வாக்கு இப்போதும் ‘கவிழ்ப்பு’க்குத்தான், பதிவு செய்துகொள்ளுங்கள்.

ராயபுரத்திலிருந்து:

‘ராணுவ’ அப்படியே இருக்கிறதே தம்பி. அச்சகத்துக்குப் போன் செய்தால் ‘படை’ என்று மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.